தட்டினால் ஓடும் கார்! பழுது பம்பில்தானா?

நடுரோட்டில் கார் நின்றுவிடுகிறது. ஓட்டி வந்தவர் பதறவில்லை. இறங்கி, பின்சக்கரத்துக்கு அருகே குனிகிறார். ஸ்பேனரின் பிடியால் "டொக், டொக்" என்று இரண்டு தட்டு. அவ்வளவுதான். கார் கிளம்பிவிடுகிறது!

இது மந்திரம் அல்ல. இங்கிலாந்தில் எம்.ஜி.பி. என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன வைத்தியம். தட்டு வாங்குவது அதன் பெட்ரோல் பம்பு.

ஆனால் தட்டி ஓட்டுவது வீடு போய்ச் சேர மட்டுமே உதவும். பிறகு பம்பைக் கழற்றி மாற்றித்தான் ஆகவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், வீட்டு வாசலிலேயே முடித்துவிடக்கூடிய வேலை இது. கவனம் தப்பினால் வீட்டையே கொளுத்திவிடக்கூடிய வேலையும் இதுதான்.

அம்பாசிடருக்கு உறவு

எம்.ஜி. என்பது மோரிஸ் காரேஜஸ் என்ற பெயரின் சுருக்கம். எம்.ஜி.பி. கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் தயாராயிற்று. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. 2019 முதல் இந்தியாவில் விற்பனையாகும் எம்.ஜி. கார்கள் வேறு, பெயர் மட்டுமே ஒன்று.

எம்.ஜி.பி.யின் எஞ்சின் 1,798 சி.சி. நம் நாட்டு அம்பாசிடரில் நெடுங்காலம் இருந்த 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் இதே 'பி' வரிசைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே, அம்பாசிடரின் பானெட்டைத் திறந்து பழகிய கைக்கு இந்தக் கார் அந்நியம் அல்ல.

பம்பு பேசும்

பெட்ரோல் டேங்க் பின்னால், எஞ்சின் முன்னால். இடையே பெட்ரோலைத் தள்ளிக்கொடுப்பது எஸ்.யு. என்ற மின்சார பம்பு. வலதுபுறப் பின்சக்கரத்தின் பக்கம் அது பொருத்தப்பட்டிருக்கும்.

பம்புக்குள் ஒரு காயில். மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தமாகி, டயாபிரத்தை இழுக்கும். அப்போது டேங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வரும். இழுப்பு முடியும் இடத்தில் பாயிண்ட் விலகி மின்சாரம் நின்றுவிடும். உடனே ஸ்பிரிங் டயாபிரத்தைத் திருப்பித் தள்ளும். பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். பாயிண்ட் மறுபடி சேரும். "டிக், டிக்" என்று கேட்பது இந்த ஓசைதான்.

கார்புரேட்டரின் ப்ளோட் சேம்பர் நிரம்பியதும் வழி அடைபடும். பம்பு தானாக ஓய்ந்துவிடும்.

பல ஆண்டு ஓடியபின் பாயிண்ட் கருகிப்போகிறது. மின்சாரம் தாண்ட முடியாமல் பம்பு நின்றுவிடுகிறது. தட்டும்போது பாயிண்ட் சற்று நகர்ந்து, மறுபடி தொடர்பு கிடைக்கிறது. மந்திரத்தின் இரகசியம் இதுதான்!

பழி போடுமுன் விசாரணை

கார் நின்றதும் பம்பின் மீது பழி போட்டு, புதிது வாங்கிவிடுவோர் உண்டு. காசு போகும், பழுது போகாது. முதலில் நான்கு சோதனைகள் செய்யவேண்டும்.

ஒன்று: எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள். வேகமாக டிக்கடித்து, மெதுவாகி, நின்றால் பம்பு நல்ல நிலையில் இருக்கிறது.

இரண்டு: ஓசையே இல்லையா? டெஸ்ட் லாம்ப் கொண்டு, பம்பின் முனைவரை மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தாலும் பம்பு ஊமையாகிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலே போதும். புதுப் பம்பு வேண்டாம்.

மூன்று: ஓயாமல் வேகமாக டிக்கடிக்கிறதா? டேங்க் காலியாக இருக்கலாம். அல்லது டேங்குக்கும் பம்புக்கும் நடுவே குழாய் எங்கோ காற்றை இழுக்கிறது.

நான்கு: டேங்க் மூடியைத் திறந்ததும் கார் ஒழுங்காக ஓடுகிறதா? டேங்குக்குள் காற்று புகும் வழி அடைத்திருக்கிறது. பம்பு நிரபராதி!

மின்சாரம் வருகிறது, எர்த் சரி, ஆனாலும் பம்பு வேலை செய்யவில்லை என்றால்தான் ஸ்பேனரைக் கையில் எடுக்கவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

பெட்ரோல் எரிவதைவிட, அதன் ஆவி எரிவதே ஆபத்து. பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி குளிரிலும் பெட்ரோல் பற்றிக்கொள்ளும் ஆவியைக் கிளப்பும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது. தரையோடு தவழ்ந்து, பள்ளத்தில் தேங்கி நிற்கும். பல அடி தள்ளி இருக்கும் அடுப்பையும் தேடிப் போகும்.

ஆகவே பள்ளத்துக்குள் இறங்கியோ, மூடிய அறைக்குள்ளோ இந்த வேலையைச் செய்யக்கூடாது. திறந்தவெளி வேண்டும். பீடி, சிகரெட் கூடாது. சாமி விளக்கு, ஊதுபத்தி, பக்கத்து வீட்டு அடுப்பு எல்லாம் கணக்கில் வரும். ஒயர் போட்டுத் தொங்கவிடும் பல்பு உடைந்தாலும் ஒரு பொறி போதும். பகல் வெளிச்சமே நல்லது. தீயணைக்கும் பவுடர் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்.

முதல் வேலை, பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுவது. இந்தக் காரில் ஒரு விசேஷம். 1967-ல் முறை மாறும்வரை வந்த எம்.ஜி.பி.களில் பிளஸ்தான் எர்த்! மின்னணு சாதனம் வைத்த புதுப் பம்பை அதில் மாற்றிக் கொடுத்தால், சாவியைத் திருப்பியதும் பம்பு பாழாகிவிடக்கூடும். வாங்கும்போதே கேட்டு வாங்கவேண்டும்.

கழற்றுவதும் மாட்டுவதும்

டேங்க் ஏறக்குறைய காலியாக இருக்கும்போது தொடங்குவது புத்திசாலித்தனம். முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். ஜாக்கியையோ செங்கல்லையோ நம்பிக் காருக்கு அடியில் படுத்தவர்கள் உயிரை இழந்திருக்கிறார்கள்.

ஒயர்கள் எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொண்டு கழற்றவேண்டும். குழாயைக் கழற்றியதும் சொட்டும் பெட்ரோலை உலோகப் பாத்திரத்தில் பிடியுங்கள். பிளாஸ்டிக் வாளி கூடாது. பிறகு பம்பைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தினால் பம்பு கைக்கு வந்துவிடும்.

புதுப் பம்பில் உள்வழி எது, வெளிவழி எது என்று பார்த்து மாட்டுங்கள். பழைய ரப்பர் ஹோஸையும் கிளிப்பையும் அதோடு மாற்றிவிடுவது நல்லது. நம் நாட்டு பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-ல் 20 சதவிகிதத்தை எட்டியது. அந்தக் காலத்து ரப்பரை எத்தனால் கெடுத்துவிடும். அதைத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

சிந்தியதைத் துடைத்து, வாடை போனபிறகே பேட்டரியை இணைக்கவேண்டும். சாவியைத் திருப்பினால், பம்பு வேகமாக டிக்கடித்து, மெதுவாகி, ஓயும். ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். விரல் ஈரமானால் சாவியை அணையுங்கள்.

வாயால் உறிஞ்சாதீர்கள்!

பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு முக்கியமாகச் சொல்லவேண்டியது ஒன்று. டேங்கிலிருந்து பெட்ரோல் எடுக்க, டியூபை வாயில் வைத்து இழுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு மடக்கு தவறி மூச்சுக்குழலில் இறங்கினால், நுரையீரல் வெந்துபோகும். உயிருக்கே ஆபத்து. பெட்ரோலை விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்கவைக்கக்கூடாது. வெளிவரும்போது அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

கையால் அழுத்தும் சைபன் பம்பின் விலை சொற்பம். முதலாளியிடம் கேட்டு வாங்கி வைப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

இன்றைய கார் வேறு

எஸ்.யு. பம்பின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 3 பவுண்டுதான். இன்றைய இன்ஜெக்ஷன் கார்களில் பம்பு டேங்குக்குள்ளேயே இருக்கிறது; அழுத்தம் பெரும்பாலும் 40 பவுண்டுக்கு மேல். அழுத்தத்தை இறக்காமல் குழாயைக் கழற்றினால், பெட்ரோல் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். எம்.ஜி.பி.யில் பழகிய கை என்ற தைரியத்தில் அதைத் தொடவேண்டாம்.

ஆனால் முறை எல்லா வண்டிக்கும் ஒன்றே. முதலில் கேள், பிறகு சோதி, கடைசியில் கழற்று. அவசரப்பட்டவன் பம்புக்கும் காசு கொடுக்கிறான், பழுதையும் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறான்!