பார்லாக்கின் மர மனிதர்கள்

போர் நினைவுச்சின்னம் என்றதும் நமது மனதில் எழுவது என்ன? ஆயுதம் ஏந்தி, நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் ஒரு வீரன்தானே? ஜேர்மனியின் மக்டபேர்க் பேராலயத்தில் உள்ள ஓக் மரச் சிற்பத்தில் அப்படி எவருமே இல்லை. பின்னால் மூன்று படைவீரர்கள் நிற்கிறார்கள்; நடுவில் இருப்பவனின் தலையில் காயக்கட்டு. அவர்களுக்குக் கீழே தலைக்கவசம் அணிந்த ஓர் எலும்புக்கூடு, முகத்தை மூடி அழும் ஒரு பெண், தலையைக் கைகளால் இறுகப் பிடித்திருக்கும் ஒருவன். அவன் மார்பில் நச்சுவாயு முகமூடி தொங்குகிறது. வெற்றியென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.

இதைச் செதுக்கியவர் ஏர்ன்ஸ்ட் பார்லாக். 1870இல் ஹம்பேர்க்குக்கு அருகே வேடல் என்ற ஊரில் ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்தவர். ஹம்பேர்க்கிலும் டிரெஸ்டனிலும் கலை பயின்றார். ஆனாலும் முப்பத்தைந்து வயதைக் கடந்தும் தனக்கென்று ஒரு வழி அகப்படாமல் தடுமாறினார். 1906இல் ருஷ்யப் பேரரசுக்குச் சென்ற பயணமே அவரை மாற்றியது. பரந்த வெளியில் கனத்த ஆடைக்குள் ஒடுங்கியிருந்த குடியானவர்களையும் பிச்சைக்காரர்களையும் அங்கே கண்டார். திரும்பி வந்து மரத்தில் உளியை வைத்தார். 1910 முதல் கடைசிவரை குஸ்ட்ரோ என்ற சிறிய நகரமே அவரது இருப்பிடமாயிற்று.

அவருடைய உருவங்களில் உடல் பெரும்பாலும் ஒரே ஆடைக்குள் அடங்கிவிடும். முகம், கை, பாதம் - இவை மாத்திரமே பேசும். மரக்கட்டையின் கனத்தை அவர் மறைக்கவில்லை. உளி பட்ட தடங்களையும் தேய்த்து மினுக்காமல் அப்படியே விட்டார்.

போரைப் பற்றி அவர் தொடக்கத்திலிருந்தே தெளிவாக இருந்தார் என்று சொல்ல முடியாது. 1914இல் எல்லாரையும் போல அவரும் உணர்ச்சிவசப்பட்டார். வாளை ஓங்கிப் பாயும் 'பழிவாங்குபவன்' என்ற உருவத்தை அந்த ஆண்டிலேயே படைத்தார். பிறகு சில மாதங்கள் படையிலும் இருந்தார். அழிவின் கணக்குத் தெரிய வந்தபோது அந்த வேகம் அடங்கிப்போயிற்று. 1929இல் மக்டபேர்க்கில் வைக்கப்பட்ட சிற்பம், ஒருவகையில் தன் பழைய சிற்பத்துக்கு அவரே சொன்ன மறுமொழிதான்.

நாஸிகளுக்கு இது பிடிக்குமா? 1934இல் அச்சிற்பம் பேராலயத்திலிருந்து அகற்றப்பட்டது. 1937இல் அவருடைய 380க்கும் மேற்பட்ட படைப்புகள் பறிமுதலாயின. 'சீரழிந்த கலை' என்ற பட்டமும் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில், 68ஆவது வயதில் அவர் காலமானார்.

ஆனால் எல்லாரும் கைவிட்டுவிடவில்லை. ஹம்பேர்க்கின் புகையிலை வணிகர் ஹேர்மன் ரீம்ஸ்மா அவருக்குத் துணைநின்றார். பார்லாக் 1935இல் முடித்த 'செவிமடுப்போர்' என்ற ஒன்பது ஓக் மர உருவங்கள் அவரது ஆதரவால் முழுமை பெற்றவையே. இன்று அவை ஹம்பேர்க்கின் பார்லாக் இல்லத்தில் உள்ளன.

மக்டபேர்க் சிற்பமும் 1955இல் தன் பழைய இடத்துக்கே திரும்பியது. அதை அகற்றியவர்களின் ஆட்சி பன்னிரண்டு ஆண்டுகளில் முடிந்துபோயிற்று. தலையைப் பிடித்தபடி அந்த மர மனிதன் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.