சீனியைக் கூட்டினால் செடி வேகமா வளருமா?



போன எபிசோட்டில் "ஆர்க்கிட் விதைக்குச் சீனி ஊட்டுறன்" எண்டு சொன்னதும் நிறையப் பேர் கேள்வி கேட்டிருந்தீங்க. பேச நேரம் போதவில்லை, அதனால் இங்கே எழுதுறேன்.

குளிர்காலத்தில் அம்மாவின் ஃபெலனாப்சிஸ் செடி அழுகத் தொடங்கிச்சு. மிஞ்சினது, நான் முன்னமே கையால் மகரந்தம் வைத்து உண்டாக்கின ஒரே ஒரு காய். அதைக் காப்பாற்றத்தான் சமையலறையில் டிஷ்யூ கல்ச்சர்.

ஆர்க்கிட் விதை தூசு மாதிரி. நெல்லிலோ தேங்காயிலோ இருப்பதுபோல முளைக்கிறதுக்கான சாப்பாடு அதுக்குள் இல்லை. காட்டில் ஒரு பூஞ்சைதான் விதைக்குள் புகுந்து உணவு கொடுக்கும். நம்ம பாஷையில் சொன்னால், பூஞ்சை ஒரு டிபென்டென்சி. 1922இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் நட்சன், தாது உப்பும் சீனியும் சேர்த்த அகாரில் பூஞ்சை இல்லாமலே விதையை முளைக்க வைக்கலாம் எண்டு காட்டினார்.

அந்த அகார் கலவையைத்தான் வளர்ப்பு ஊடகம் எண்டு சொல்றோம். இன்று பலரும் பயன்படுத்துவது முராஷிகேயும் ஸ்கூக்கும் 1962இல் புகையிலைத் திசுவுக்காக உருவாக்கினது. அதில் நைட்ரஜன் உப்பு அதிகம். பல ஆர்க்கிட்டுக்கு அது தாங்காது, அதனால் உப்பைப் பாதியாக்குவார்கள். சிலர் இளநீரும் சேர்ப்பார்கள். அதில் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோன் இருக்கு. யோசிச்சுப் பாருங்க: இளநீர் எண்டதே தென்னை தன் விதைக்குள் வைத்திருக்கிற சாப்பாடு. சாப்பாடு இல்லாத விதைக்கு இன்னொரு விதையின் சாப்பாடு!

என் பிழை சீனியில். நான்கு போத்தலில் லீட்டருக்கு 20 கிராம் போட்டேன். "கூடப் போட்டால் வேகம்" எண்டு நினைச்சு எட்டுப் போத்தலில் 60 கிராம். ஆறு வாரத்தில் 20 கிராம் போத்தல்களில் குட்டிப் பச்சை உருண்டைகள் வந்தன. 60 கிராமில் விதை வெளிறி, பிறகு பழுப்பாகிப் போச்சு.

காரணம் எளிது. மாங்காய்த் துண்டில் உப்புத் தூவினால் தண்ணி வெளியே வருமே, சீனி கூடினாலும் அதேதான். சுற்றியிருக்கிற கரைசல் செறிவாக இருந்தால் விதையால் தண்ணியை இழுக்க முடியாது. சீனி இல்லாமலே விட்டாலும் விதை கொஞ்சம் வீங்கி அப்படியே நின்றுவிடும்.

சீனி பூஞ்சணத்துக்கும் விருந்து. பிரஷர் குக்கரில் 121 பாகையில் அவித்தும், விதை போடும்போது எங்கேயோ கை தவறி, நல்ல நான்கில் இரண்டு போச்சு. தாய்ச்செடியும் இப்ப இல்லை. மிச்சம் இரண்டே போத்தல்.

அதால் நான் படிச்சது: இருக்கிற விதை முழுவதையும் ஒரே ஊகத்தில் போடாதீங்க. ஒரு நேரத்தில் ஒரு அளவை மட்டும் மாற்றுங்க. பிறகு போத்தலை விட்டு வெளியே எடுக்கும்போதும் அவசரம் வேண்டாம். சீனியில் வளர்ந்த இலைக்கு ஒளியில் தானாய்ச் சமைக்கிற பழக்கம் குறைவு, மெல்ல மெல்லத்தான் பழகும்.

"எப்ப பூக்கும்?" எண்டு அம்மா கேட்டா. "ரெண்டு மூண்டு வருஷமாவது ஆகும் அம்மா. அதே பூவா வரும் எண்டும் சொல்லேலாது. விதையில் வந்தது பிள்ளை, நகல் இல்லை."

"பரவாயில்லை, பிள்ளை எண்டால் அப்படித்தானே" எண்டா.

அடுத்த எபிசோட்டில் சந்திப்போம்.