சாயமும் சாஸ்திரமும்

ரசாயன சாஸ்திரம் என்பது கண்ணாடிக் குழாய்களுக்கும் கலாசாலை வகுப்புகளுக்கும் உரிய விஷயம் என்று நம்மவரில் பலர் எண்ணியிருக்கிறார்கள். அவிநாசியிலும் திருப்பூரிலும் வசிப்போர் அப்படி எண்ணுவதற்கு இடமில்லை. பனியன் துணியில் ஏறும் நிறம் ரசாயனம். அந்நிறத்தைக் கழுவிய நீரால் கிணறு உவர்த்தது ரசாயனம். அந்நீரைத் தெளிய வைக்கும் வழியும் ரசாயனமே. ஆகவே அச்சாஸ்திரம் எத்திசையில் செல்கிறது, அதில் உழைப்போர் யாருடன் கூடிப் பேசுகிறார்கள் என்பவை இப்பிரதேச மக்களுக்கு ஜீவாதாரமான கேள்விகளாகும்.

எங்கோ நடக்கும் ஆராய்ச்சி நம் குடியானவனை எவ்வாறு தாக்கும் என்பதற்குப் பழைய சரித்திரமே சாட்சி. 1856-ல் லண்டனில் பதினெட்டு வயது வாலிபரான வில்லியம் பெர்க்கின், கொயினாவைச் செயற்கையாகச் செய்ய முயன்று, தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டார். அதிலிருந்து பிறந்த சாயத்தொழில் ஜெர்மனியில் வளர்ந்து, 1897-ல் செயற்கை அவுரி நீலம் கடைக்கு வந்தது. நம் நாட்டு அவுரி விலை வீழ்ந்தது. லாபமிழந்த வெள்ளைத் தோட்டக்காரர்கள் அந்நஷ்டத்தைப் பீஹார் குடியானவர் தலையில் கட்டினார்கள். 1917-ல் காந்தியடிகள் சம்பாரணுக்குச் செல்ல நேர்ந்தது. சாஸ்திரம் பிறர் கையில் மட்டும் இருந்தால் அதன் பலன் அவர்களுக்கும், பாரம் நமக்கும் வந்து சேரும் என்பதே அதன் பாடம்.

நம் ஊர்க் கதையும் ஏறக்குறைய இதுவே. 1956-ல் பிரிட்டிஷ் கம்பெனி ஒன்று, பருத்தி நாருடன் ரசாயன ரீதியாகவே பிணைந்துகொள்ளும் புதுவகைச் சாயங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறம் பளிச்சென்று இருக்கும், துவைத்தாலும் போகாது. திருப்பூர்ப் பனியன் உலகச் சந்தையில் ஏறியது இவ்வகைச் சாயத்தின் துணையால்தான். ஆனால் ஒரு சங்கடம் உண்டு. நீரில் நனைந்த பருத்தியும் சாயமும் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை; ஒன்றையொன்று விலக்கும். அவ்விலக்கத்தை அடக்க உப்பைக் கொட்ட வேண்டியிருக்கிறது. ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் நீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ துணிக்கு 600 கிராம் உப்பு ஆகிறது. இதில் ஒரு துளியும் துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் அத்தனையும், ஒட்டாத சாயத்துடன், கழிவாக வெளியேறுகிறது. நிறத்தைக் கண்ணால் காணலாம். உப்பைக் காண முடியாது. மண்ணில் இறங்கிய சோடியம் சுண்ணாம்புச் சத்தைத் தள்ளிவிட்டு அவ்விடத்தில் அமர்கிறது. களிமண் இறுகி, நீரும் வேரும் புகாத தரையாகிறது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வரும் நொய்யல் இப்படித்தான் கெட்டது. பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. குடியானவர்கள் நியாயஸ்தலத்தை நாடினார்கள். 2006-ல் சென்னை ஹைகோர்ட், கழிவு ஒரு சொட்டும் வெளியேறலாகாது என்று கெடு விதித்து, லிட்டருக்கு ஆறு பைசா முதல் அபராதமும் விதித்தது. கெடு கடந்தும் ஆற்றில் சாயம் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ல் சாயச்சாலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உத்தரவு பிறந்தது. குடியானவன் வயலை இழந்திருந்தான். தொழிலாளியோ அன்று வேலையை இழந்தான். சட்டம் பயின்ற நாம் சொல்லக்கூடியது இது: கோர்ட்டு உத்தரவு குழாயை அடைக்கும், நீரையும் உப்பையும் பிரிக்கும் சக்தி அதற்கு இல்லை. அதைச் சாஸ்திரமே செய்ய வேண்டும்.

அது செய்தும் இருக்கிறது. இன்று சாயநீரைப் பிரிக்கும் மெல்லிய சவ்வு, சுமார் 1960-ல் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சிட்னி லோப் என்பவரும், நம் தேசத்தவரான ஸ்ரீநிவாச சௌரிராஜன் அவர்களும் சேர்ந்து கண்ட வழியில் வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் நோக்கத்துடன் பிறந்த அவ்வித்தை, நொய்யல் கரையில் சாயநீரைத் தெளிவித்து மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்புகிறது. உப்புக் கரைசலின் ஒரு பகுதியும் திரும்பப் பயன்படுகிறது. சௌரிராஜனின் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆயினும் காரியம் முடிந்துவிடவில்லை. கடைசியில் மிஞ்சும் நீரைக் கொதிக்க வைத்து வற்றவைக்க விறகும் மின்சாரமும் செலவாகின்றன. அதன்பின் எஞ்சும் கலப்பு உப்பு ஒன்றுக்கும் உதவாமல் மூட்டைகளாகக் குவிகிறது. எனவே உப்பே வேண்டாத சாயமுறையை ஆராய்ச்சியாளர் தேடுகின்றனர். பருத்தியின் மின்னேற்றத்தை முன்கூட்டியே மாற்றிவிட்டால் அதுவே சாயத்தை இழுத்துக்கொள்ளும் என்பது ஒரு வழி. நிறம் சீராக ஏறுவதும், செலவும், அம்மாற்றத்துக்கு வேண்டிய மருந்தின் தீமையும் இன்னும் தீராத சிக்கல்கள். மற்றொரு திசையில், உலோகமும் கரிமப் பொருளும் கோத்த, எண்ணற்ற நுண்ணறைகளுள்ள புதுப் பொருள்களைக் கண்டதற்காக, 2025-ல் கிடகாவா, ராப்ஸன், யாகி என்ற மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நீரிலுள்ள நஞ்சைப் பிடித்து வைக்கவும், பாலைவனக் காற்றிலிருந்து நீரை எடுக்கவும் இவை பயன்படும் என்று காட்டப்பட்டிருக்கிறது. இம்மூவரில் யாகி, நீருக்குக் காத்திருந்த அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். குறையை அனுபவித்தவன் சாஸ்திரத்தைக் கற்றால் எங்கே தேட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

நம் தேசத்து ரசாயனிகளுக்குச் சங்கங்கள் இல்லாமலில்லை. ஆசிரியச் சம்பளத்தைச் சேமித்து வங்காளக் கெமிகல் தொழிற்சாலையை நிறுவியவரும், கதருக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் உழைத்தவருமான ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய், 1924-ல் கல்கத்தாவில் தோன்றிய இந்திய ரசாயன சங்கத்தின் முதல் தலைவர். 1999-ல் பெங்களூரில் இந்திய ரசாயன ஆராய்ச்சிச் சங்கம் தோன்றியது. கோயம்புத்தூரில் 1956 முதல் தென்னிந்திய நெசவு ஆராய்ச்சிச் சங்கம் இருந்து வருகிறது. இவர்கள் கூடுகிறார்கள், கட்டுரை வாசிக்கிறார்கள், ஒருவர் பிழையை ஒருவர் திருத்துகிறார்கள். அது பாராட்டத்தக்க வாழ்க்கையே. ஆனால் அச்சபைகளில் சாயப்பட்டறை மேஸ்திரிக்கும், கிணறு கெட்ட குடியானவனுக்கும் நாற்காலி உண்டா என்பதே நமது கேள்வி. ராய் அவர்களின் வழி, ஆராய்ச்சிசாலைக் கதவைத் தெருப்பக்கம் திறந்து வைத்த வழி.

அவிநாசிக்கு இது அவசரமான விஷயம். அரை நூற்றாண்டுக்கு மேல் ஜனங்கள் கேட்டுப் போராடிய அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரி நீரில் ஒன்றரை டி.எம்.சி.யை இறைத்து, மூன்று ஜில்லாக்களில் 1,045 குளங்குட்டைகளை நிரப்புவது அதன் நோக்கம். பெரும் பொருளும் பெரும் பாடும் செலவிட்டுப் பெற்ற இந்நீரில் ஒருவர் இரவோடிரவாகக் கழிவை விட்டால் யார் கண்டுபிடிப்பது? நிறமிருந்தால் கண் சொல்லும். உப்பை அளவுகோல்தான் சொல்லும்.

ஆகையால் நாம் ஒரு யோசனை கூறுகிறோம். அவிநாசியில் ஒரு ரசாயன சபை தோன்ற வேண்டும். பள்ளி, கல்லூரி ரசாயன ஆசிரியர்கள், சாயச்சாலைப் பரிசோதகர்கள், விவசாயிகள், மாணவர் ஆகியோர் அதில் சமமாக அமரட்டும். மாதம் ஒருமுறை குளங்களின் நீரையும் அருகிலுள்ள கிணற்று நீரையும் அளந்து, கணக்கை ஊர்ப் பலகையில் எழுதட்டும். குடிநீர் ஒரு லிட்டரில் கரைந்த பொருள் 500 மில்லிகிராமுக்கு மிகாதிருப்பது நலம் என்பதும், வேறு நீர் இல்லாவிடில் 2,000 வரை பொறுக்கலாம் என்பதும் இந்தியத் தர நிர்ணயம். இதை அளக்கும் கருவி சட்டைப் பையில் அடங்கும்.

சர்க்கார் வாரியம் இருக்க இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். சபை தண்டிக்கப் பிறந்ததன்று, எச்சரிக்கப் பிறந்தது. நொய்யல் வழக்கில் நியாயம் கிடைப்பதற்குள் நிலம் கெட்டுவிட்டது. மாதந்தோறும் எழுதிய கணக்கு கையிலிருந்தால், கேடு கால்வாயில் இருக்கும்போதே நிறுத்தலாம்; நேர்மையான சாயச்சாலைக்காரருக்கும் அதுவே சாட்சியாகும்.

குளத்தில் நீர் வந்துவிட்டது. அதைக் காக்கும் அறிவும் ஊருக்குள் இருக்கிறது. இரண்டையும் ஒரு திண்ணையில் சேர்த்து உட்கார வைக்க அவிநாசிப் பெரியோர்கள் முன்வருவார்களாக.