பழைய காருக்கு எந்தக் காப்புறுதி? கிராண்டில் இருப்பதுதான் கணக்கு

1985 ஜூலையில் முதல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. அலோர் ஸ்டாரில் பிறந்த அன்றைய பிரதமர் மகாதீர், அதே ஆண்டு திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தில் அந்தக் காரை ஓட்டிச் சென்றார். அந்த முதல் சாகாக்களுக்கு இப்போது நாற்பது வயது ஆகிவிட்டது. தோட்டத்தை விட்டு வெளியேறி சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் தாமான்களில் குடியேறிய பல குடும்பங்களுக்கு அதுதான் முதல் கார். அப்பா வாங்கிய அந்தக் காரை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. டட்சன் 120ஒய், மோரிஸ் மைனர், பீட்டல் போன்ற அதற்கும் மூத்த வண்டிகளைத் தேடி வாங்கிப் புதுப்பிப்பவர்களும் உண்டு. வீராவையும் சத்ரியாவையும் வாங்கி, இன்ஜின் மாற்றி, ரிம் மாற்றி ஓட்டும் இளைஞர்களும் உண்டு.

இவர்கள் எல்லாருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே சிக்கல் வருகிறது. காப்புறுதி புதுப்பிக்கப் போனால், "வண்டி ரொம்பப் பழசு, தேர்ட் பார்ட்டிதான் போட முடியும்" என்று முகவர் சொல்லிவிடுகிறார். சாலை வரி எடுத்தால் போதும் என்று உரிமையாளரும் தலையாட்டிவிடுகிறார். இருபதாயிரம், முப்பதாயிரம் ரிங்கிட் செலவழித்துப் புதுப்பித்த கார் தீப்பிடித்தாலோ திருடு போனாலோ ஒரு சென்கூடக் கிடைக்காது என்பது அப்போது யார் நினைவுக்கும் வருவதில்லை.

மூன்று வகை, மூன்று விதமான பாதுகாப்பு

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி காப்புறுதி இல்லாமல் எந்த வண்டியையும் சாலையில் ஓட்டக்கூடாது. மீறினால் அபராதமோ சிறையோ கிடைக்கலாம், ஓட்டுநர் உரிமமும் பறிபோகலாம். சட்டம் கட்டாயமாகக் கேட்பது ஒன்றைத்தான். நம் வண்டியால் அடுத்தவருக்கு மரணமோ காயமோ நேர்ந்தால் அதற்கு இழப்பீடு இருக்க வேண்டும்.

முதல் வகையான மூன்றாம் தரப்புக் காப்புறுதி இதைச் செய்யும். அடுத்தவர் மோட்டார் சைக்கிளுக்கோ வேலிக்கோ ஏற்படும் சேதத்தையும் ஏற்கும். 1,400 சிசிக்கு உட்பட்ட காருக்கு தீபகற்ப மலேசியாவில் இதன் அடிப்படை பிரிமியம் சுமார் 120 ரிங்கிட். அதன் மேல் சேவை வரியும் முத்திரை வரியும் சேரும். வண்டியின் வயதைக் காட்டிக் கூடுதல் கட்டணம் கேட்பதும் உண்டு. ஆனால் சொந்தக் காருக்கு இதில் எதுவும் இல்லை.

இரண்டாவது வகை, மூன்றாம் தரப்போடு தீயும் திருட்டும் சேர்ந்தது. பழைய கார் வைத்திருப்பவர்கள் அதிகம் கவனிக்காத வகை இதுதான். வாரத்தில் ஒருநாள் மட்டும் வெளியே எடுத்து, மற்ற நாள் வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி வைக்கும் காருக்கு மோதல் ஆபத்து குறைவு. பழைய வயரிங்கால் தீப்பிடிப்பதும் திருடு போவதும்தான் பெரிய பயம். அப்படிப்பட்டவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இந்த வகையை.

மூன்றாவது, பலரும் 'ஃபர்ஸ்ட் பார்ட்டி' என்று சொல்லும் முழுக் காப்புறுதி. விபத்தில் சொந்தக் காருக்கு ஏற்படும் சேதத்தையும் ஏற்கும். வண்டிக்கு 10 அல்லது 15 வயது தாண்டிவிட்டால் பல நிறுவனங்கள் இதைத் தரத் தயங்கும். ஆனால் எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி இல்லை. 2017 ஜூலை முதல் முழுக் காப்புறுதிக்கும், தீ-திருட்டு சேர்ந்த வகைக்கும் பிரிமியத்தை ஒவ்வொரு நிறுவனமும் தானே நிர்ணயிக்கிறது. ஓர் இடத்தில் 'முடியாது' என்றால் அடுத்த இடத்தில் படங்களும் மதிப்பீட்டு அறிக்கையும் கேட்டு ஏற்றுக்கொள்ளலாம். தக்காபுல் நிறுவனங்களையும் சேர்த்து மூன்று நான்கு இடத்தில் விசாரிப்பது நல்லது. எங்குமே கிடைக்காத வண்டிகளுக்காக, காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து 1992இல் அமைத்த எம்எம்ஐபி என்ற பொதுக் கூட்டமைப்பும் இருக்கிறது.

சந்தை விலையா, ஒப்புக்கொண்ட விலையா?

சேகரிப்புக் காருக்குக் காப்புறுதி எடுப்பதில் முக்கியமான கேள்வி இது. சாதாரண பாலிசியில், கார் முழுதாக அழிந்தால் அன்றைய சந்தை விலைதான் கிடைக்கும். அந்த விலையை நிறுவனங்கள் பொதுவாக ஒரு தரவுப் பட்டியலைப் பார்த்தே முடிவு செய்கின்றன. புதுக் கார்களுக்கு அது சரியாக இருக்கும். முப்பது நாற்பது ஆண்டுப் பழைய வண்டிக்குப் பட்டியலில் விலையே இல்லாமல் இருக்கலாம், அல்லது வெறும் பழைய இரும்பு விலையாக இருக்கலாம். கண்ணாடி போலப் புதுப்பித்த காரும் துருப்பிடித்த காரும் அந்தப் பட்டியலில் ஒன்றுதான்.

ஒப்புக்கொண்ட விலை என்பது வேறு. பாலிசி எடுக்கும் நாளிலேயே இரு தரப்பும் ஒரு தொகையைப் பேசி எழுதிக்கொள்கின்றன. கார் முழுதாக அழிந்தாலோ திருடு போனாலோ அந்தத் தொகையே கிடைக்கும், பிறகு விலைப் பேச்சு இல்லை. பிரிமியம் சற்றுக் கூடும். மதிப்பீட்டு அறிக்கை, நான்கு பக்கமும் உள்ளேயும் எடுத்த படங்கள், புதுப்பித்த செலவு ரசீதுகள் கேட்பார்கள். பட்டறையில் கைமாற்றாகப் பணம் கொடுத்து ரசீது வாங்காதவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிரிமியத்தைக் குறைக்கக் காரின் மதிப்பைக் குறைத்துப் போடுவதும் நடக்கிறது. 20,000 ரிங்கிட் சந்தை விலை உள்ள காரை 10,000 ரிங்கிட்டுக்குக் காப்புறுதி செய்தால், 4,000 ரிங்கிட் பழுதுக்கு நிறுவனம் 2,000தான் கொடுக்கும். பாதி மதிப்புக்குப் போட்டவருக்குப் பாதி இழப்பீடு என்பதே கணக்கு.

புதுப் பொருளுக்கு 40 விழுக்காடு

முழுக் காப்புறுதி கிடைத்தவர்களுக்கும் ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். பழைய காரில் உடைந்த பாகத்துக்குப் பதிலாகப் புதிய ஒரிஜினல் பாகம் போட்டால், கார் முன்பைவிட மேலான நிலைக்கு வந்துவிடுகிறது என்பது காப்புறுதித் துறையின் வாதம். அதனால் அந்தச் செலவில் ஒரு பங்கை உரிமையாளர் ஏற்க வேண்டும். ஐந்து வயதுக் காருக்கு 15 விழுக்காட்டில் தொடங்கி, 10 வயதும் அதற்கு மேலும் ஆன காருக்கு 40 விழுக்காடு வரை இது போகும். புதிய பாகங்கள் 3,000 ரிங்கிட் என்றால் 1,200 ரிங்கிட் உரிமையாளர் கையிலிருந்து போகும். கூடுதல் பிரிமியம் கட்டி இதை நீக்கும் வசதியைச் சில நிறுவனங்கள் தருகின்றன. ஆனால் எத்தனை வயது வண்டிவரை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: பழுது பார்க்கும் செலவு காரின் மதிப்பைத் தாண்டினால் நிறுவனம் அதை முழுச் சேதம் என்று அறிவித்து, பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்ளும். குறைந்த மதிப்புக்குப் போட்ட பழைய காருக்குச் சாதாரண மோதலிலேயே இது நடக்கலாம். உடைந்த வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி உண்டா, எந்தப் பட்டறையில் பழுது பார்க்கலாம் என்பவற்றை முன்கூட்டியே கேட்க வேண்டும். பழைய கார்புரேட்டரைத் தொடத் தெரிந்த மெக்கானிக் எல்லாப் பட்டறையிலும் இல்லை.

இன்ஜின் மாற்றினால்

மாற்றம் செய்த கார்களில் பெரும்பாலான தகராறு ஒரே காரணத்தால் வருகிறது. கார் ஒன்றாக இருக்கிறது, கிராண்ட் வேறொன்றைச் சொல்கிறது.

1,300 சிசி சாகாவில் ஹாஃப்-கட் கடையிலிருந்து வாங்கிய 1,800 சிசி இன்ஜினை ஏற்றுவது எளிது. அதை கிராண்டில் ஏற்றச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி, இன்ஜினை வாங்கிய ஆவணம், புஸ்பாகோம் போன்ற மையத்தின் பரிசோதனை எல்லாம் வேண்டும். காரின் வண்ணத்தை மாற்றினாலும் பதிவில் திருத்த வேண்டும். விபத்துக்குப் பிறகு வரும் மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும்தான். கிராண்டில் உள்ள எண்ணோடு பொருந்தாவிட்டால் இழப்பீடு அங்கேயே நின்றுவிடலாம்.

ஸ்போர்ட் ரிம், சஸ்பென்ஷன், டர்போ, ஆடியோ போன்றவற்றையும் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லியாக வேண்டும். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டப்படி, கேட்கப்படும் கேள்விகளுக்கு வாடிக்கையாளர் தக்க கவனத்துடன் உண்மையான பதிலைத் தர வேண்டும். வேண்டுமென்றே மறைத்திருந்தால் நிறுவனம் பாலிசியையே ரத்து செய்யலாம். கவனக்குறைவால் விட்டிருந்தால், உண்மை தெரிந்திருந்தால் எவ்வளவு பிரிமியம் கேட்டிருப்பார்களோ அந்த விகிதத்தில் இழப்பீட்டைக் குறைக்கலாம். முகவரிடம் வாயால் சொன்னது போதாது. குறைந்தது ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது கையில் இருக்க வேண்டும்.

இதில் அடுத்தவர் உயிரும் இருக்கிறது. மாற்றம் செய்த கார் மோதி ஒரு மோட்டார் சைக்கிளோட்டி முடமானால், நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் தொகை லட்சக்கணக்கில் போகலாம். நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பாலிசி விதியை மீறிய உரிமையாளரிடம் அதைத் திரும்பக் கேட்கலாம். அப்போது போவது காரோடு நிற்காது, வீடும் சேமிப்பும் சேர்ந்து போகும்.

கார்ப் பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு எந்தச் சாதாரண பாலிசியும் பாதுகாப்புத் தராது. இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் நடக்கும் போட்டிகளும் இதில் அடங்கும்.

அப்பா பெயரில் இன்னும் இருக்கும் கார்

தோட்டக் குடும்பங்களில் அடிக்கடி காணும் நிலை இது. கார் வாங்கியவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும், கிராண்ட் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். மகன் அதே பெயரில் காப்புறுதியைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருப்பார். இறந்தவர் பெயரில் ஒப்பந்தம் இருக்க முடியாது. இழப்பீடு கேட்கும் நாளில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

வாரிசு பெயருக்கு மாற்ற முதலில் சொத்து நிர்வாகப் பத்திரம் வேண்டும். நிலமோ வீடோ இல்லாமல் கார், சேமிப்பு போன்ற சிறு சொத்து மட்டும் விட்டுச் சென்றிருந்தால் அமானா ராயா அலுவலகத்தை நாடலாம். அதன் பிறகே சாலைப் போக்குவரத்து இலாகா பெயர் மாற்றும். அப்பாவின் 55 விழுக்காட்டு என்சிடி கழிவு மகனுக்கு வராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்தக் கழிவு வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது.

வெள்ளமும் பிற சேர்க்கைகளும்

2021 ஆகஸ்டில் குனோங் ஜெராய் மலையிலிருந்து யான் பகுதிக்குப் பாய்ந்த நீர்ப்பெருக்கையும், 2022 ஜூலையில் பாலிங் குப்பாங் வட்டாரத்தைத் தாக்கிய வெள்ளத்தையும் கெடா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். முழுக் காப்புறுதியிலும் வெள்ளம், புயல், நிலச்சரிவு தானாகச் சேராது. தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். கார்க் கண்ணாடியும் அப்படித்தான். பழைய வண்டிக்குக் கண்ணாடி கிடைப்பதே அரிது என்பதால், அதன் உண்மையான விலைக்குக் காப்புறுதி செய்வது புத்திசாலித்தனம். பாலிசியில் பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், சொந்தக் காரின் சேதத்தில் முதல் 400 ரிங்கிட்டை உரிமையாளர் ஏற்க வேண்டும். தம்பியோ மகனோ ஓட்டுவார் என்றால் பெயரைச் சேர்த்துவிட வேண்டும்.

புதுப்பிக்கும் முன்

கிராண்டையும் காரையும் பக்கத்தில் வைத்து இன்ஜின் எண், வண்ணம், உரிமையாளர் பெயர் மூன்றையும் ஒப்பிட வேண்டும். செய்த மாற்றங்களைப் பட்டியலிட்டு, படங்களோடு முகவருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். சந்தை விலையா, ஒப்புக்கொண்ட விலையா, தொகை எவ்வளவு என்பதை பாலிசித் தாளில் பார்க்க வேண்டும். கவர் நோட் கைக்கு வந்ததும் படிக்காமல் டேஷ்போர்டில் போடுவது பழக்கமாகிவிட்டது. அந்த ஒரு பழக்கத்தை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும்.

விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்து, உடனே நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இழப்பீடு நியாயமின்றி மறுக்கப்பட்டதாக நினைப்பவர்கள் முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுத வேண்டும். அதிலும் தீராவிட்டால், 2025 ஜனவரி முதல் எஃப்எம்ஓஎஸ் என்ற பெயரில் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பை நாடலாம். பயனீட்டாளர்களிடம் அது கட்டணம் வாங்குவதில்லை. அங்கும் முதலில் கேட்கப்படுவது ஆவணங்கள்தான். எழுத்தில் இருப்பதே அங்கே பேசும்.