காலை இறுக்கும் உறை

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டொலிடோவில் வாழ்ந்தவர் கான்ராட் ஜோப்ஸ்ட். ஜெர்மனியில் பிறந்த பொறியாளர். கால் சிரைகள் பழுதாகி வேதனைப்பட்டுக்கொண்டிருந்தவருக்கு, நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி அடங்கியது. வேறொருவராக இருந்தால் தண்ணீரின் குளிர்ச்சி என்று விட்டிருப்பார். ஜோப்ஸ்ட் கணக்குப் போட்டார். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தமும் கூடும். ஒரு மீட்டர் ஆழத்தில் அது ஏறக்குறைய 74 மில்லிமீட்டர் பாதரச அளவு. அதாவது, கணுக்காலைப் பலமாகவும் மேலே போகப் போக மெதுவாகவும் குளம் அழுத்துகிறது. அதே அழுத்தத்தைத் துணியில் கொண்டுவந்தால் என்ன? 1950 வாக்கில் அவர் உருவாக்கிய காலுறையின் வழிவந்ததுதான் இன்று மருந்துக்கடைகளில் ‘வெரிகோஸ் ஸ்டாக்கிங்ஸ்’ என்று கேட்டு வாங்குவது.

ரத்தத்தைக் கீழே அனுப்ப இதயம் இருக்கிறது. பாதத்திலிருந்து மேலே ஏற்றுவது பெரும்பாலும் கெண்டைக்கால் தசையின் வேலை. நடக்கும்போது தசை சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது. ஏறிய ரத்தம் திரும்பி இறங்காமல் உள்ளிருக்கும் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. அசையாமல் நிற்பவரின் கணுக்காலில் சிரை அழுத்தம் அதே பாதரச அளவில் 80 முதல் 90 வரை இருக்கும். நாலடி நடந்தால் 30-க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு கெட்டவருக்கு அப்படி இறங்குவதில்லை. மாலையானால் வீக்கம், புடைத்துச் சுருண்ட சிரை, கணுக்காலின் உட்புறத்தில் கருமை, அரிப்பு, கடைசியில் ஆறாத புண் என்று நோய் வளர்கிறது. ஸ்டாக்கிங் வால்வைச் சரிசெய்யாது. விரிந்துபோன சிரையை வெளியிலிருந்து நெருக்கி, தேங்கும் ரத்தத்தை மேலே நகர்த்துகிறது. கழற்றினால் பலனும் போய்விடும்.

நாள் முழுக்க நிற்பவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல். ஜவுளிக்கடை ஊழியர், டீ மாஸ்டர், போக்குவரத்துக் காவலர், செவிலியர் எல்லாரும் இந்த வரிசையில் வருவார்கள். கோழிக்கோட்டில் ‘பெண்கூட்டு’ அமைப்பின் விஜி, கடைப் பெண்களைத் திரட்டி உட்காரும் உரிமைக்காகப் போராடினார். கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் பின்தொடர்ந்தது. கடையில் ஸ்டூல் போட மனமில்லாமல், காலுக்கு உறை மாட்டிக்கொண்டு நில் என்பது வைத்தியமாகாது.

உறையின் அழுத்தத்திலும் அளவு உண்டு. 15–20 மில்லிமீட்டர் பாதரசம் என்பது லேசான வீக்கத்துக்கும் நீண்ட பயணத்துக்கும். 20–30, 30–40 எல்லாம் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியவை. கணுக்காலையும் கெண்டைக்காலையும் வீக்கம் ஏறாத காலை நேரத்தில் அளந்து வாங்க வேண்டும். படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே மாட்டிக்கொள்வது நல்லது. மாட்டுவது லேசான காரியமில்லை. முழங்கால் வலியுள்ள பாட்டிக்குத் துணைக்கு ஆள் வேண்டும். வியர்க்கிறது என்று மேல்விளிம்பைச் சுருட்டிவிட்டால், அந்த இடத்தில் கயிறு போல இறுக்கி ரத்தத்தைத் தடுத்துவிடும். எண்ணெயும் களிம்பும் இரவில் தடவினால் போதும், எலாஸ்டிக் தப்பிக்கும். நாள்தோறும் போட்டால் ஆறு மாதத்துக்குள் பிடி தளர்ந்துவிடும். புதிது வாங்க வேண்டியதுதான். சித்திரை வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு திரிவது எவ்வளவு கஷ்டம் என்பது எழுதிக்கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் தமனியில் இருக்கிறது. சர்க்கரை நோயாலோ புகைப்பழக்கத்தாலோ தமனி அடைத்தவருக்குக் காலுக்கு வரும் ரத்தமே குறைவு. அந்தக் காலை இறுக்கினால் தோல் அழுகவும் கூடும். அதனால்தான் கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிடுகிறார்கள். கணுக்கால் அளவு கையின் அளவில் பாதிக்கும் கீழே இருந்தால் உறை கூடாது. சர்க்கரை நோயாளிக்குத் தமனிச் சுவர் கெட்டிப்பட்டு அந்த எண்ணே பொய்யாக உயரலாம் என்பதால் டாப்ளர் ஸ்கேன் தேவைப்படும். மரத்துப்போன காலுக்கு இறுக்கத்தின் வலியும் தெரியாது. அடுத்த வீட்டுக்காரருக்குக் குணமானது என்று கடையில் கேட்டு வாங்குபவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

எல்லாக் கால் பிரச்சினைக்கும் உறை உதவும் என்பதும் இல்லை. பக்கவாதம் வந்தவர்களுக்குத் தொடைவரை உறை மாட்டிப் பார்த்த ஆய்வு 2009-இல் வெளியானது. ரத்தக்கட்டி குறையவில்லை, தோல் புண்ணானதுதான் மிச்சம். சிரைப் புண்ணில் கதை வேறு. 2018-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 450 நோயாளிகள் பங்கேற்றார்கள். எல்லாருக்கும் அழுத்தக் கட்டு. ஒரு பாதியினருக்குப் பழுதான சிரையை லேசர் போன்ற முறைகளில் உடனே அடைத்தார்கள், மற்றவர்களுக்குத் தள்ளிப்போட்டார்கள். முதல் பிரிவில் புண் ஆற எடுத்தது இடைநிலை அளவில் 56 நாள், இரண்டாவதில் 82. சிரையை அடைத்த பிறகும் முதல் பிரிவினர் கட்டை அவிழ்த்துப் போட்டுவிடவில்லை.