மகளின் நோயை மறைத்து வைக்கலாமா?

நியூ ஜேர்சியில் வாழும் எம்மவர் குடும்பமொன்றின் வீட்டுக்கு அண்மையில் சென்றிருந்தோம். பெயரையும் ஊரையும் தவிர்த்துக்கொள்கிறோம். அவ்வீட்டின் பதினேழு வயது மகளுக்கு ஐந்து மாதங்களாக மாதவிடாய் வரவில்லை. நாடியில் உரோமம், கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்த தோல். தாய் அவளை வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். தாய்க்கு ஆங்கிலம் போதாது. எனவே மகளே நோயாளியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருக்க நேர்ந்தது.

வைத்தியர் இரண்டு மருந்துகளை எழுதிக் கொடுத்தார். ஒன்று மெற்போமின். அது நீரிழிவு மருந்து என்பதைத் தாய் அறிவார். கணவரும் அதையே உட்கொள்கிறார். மற்றையது கருத்தடை மாத்திரை. அது என்னவென்று தாயிடம் தமிழில் சொல்ல மகளுக்கு நா எழவில்லை. பின்னர் பெட்டியைப் பார்த்த அயலவர் ஒருவர் சொன்னார். அன்றிரவே இரண்டு பெட்டிகளும் குப்பைத் தொட்டிக்குள் போயின.

"இது வெளியிலை தெரிஞ்சால் நாளைக்கு ஆர் அண்ணை இவளைக் கட்டுவினம்?" என்று அந்தத் தாய் எம்மிடம் கேட்டார். அவரை நாம் குறை கூறவில்லை. இந்த நோயைக் கலியாணத்தோடும் பிள்ளைப்பேற்றோடும் மட்டுமே சேர்த்துப் பார்க்க நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கமே தவறு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

பெயர் ஒன்று, நோய் வேறு

சூலக நீர்க்கட்டி நோய் என்றும், தமிழகத்தில் சினைப்பை நீர்க்கட்டி என்றும் சொல்லப்படுவதை வைத்தியர்கள் பி.சி.ஓ.எஸ். எனச் சுருக்கி அழைப்பர். 1935 இல் சிக்காகோ நகரின் ஸ்ரெயின், லெவந்தால் என்னும் இரு வைத்தியர்கள் இதனை விபரித்தனர். ஆனால் 'கட்டிகள்' எனப்படுபவை உண்மையில் கட்டிகளே அல்ல. முதிராமல் நின்றுவிட்ட முட்டைப் பைகளே அவை.

நோயின் வேர் பெரும்பாலானோரிடத்தில் இன்சுலினோடு பிணைந்துள்ளது. கணையம் சுரக்கும் இன்சுலினே குருதியிலுள்ள குளூக்கோசை உடற்கலங்களுக்குள் புகச் செய்கிறது. கலங்கள் அதற்குச் சரிவர இசையாதபோது கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. இவ்வாறு மிகும் இன்சுலின் சூலகத்தைத் தூண்டி, பெண்ணுடலில் இயல்பாகவே சிறிதளவு இருக்கும் ஆண் ஹோர்மோன்களைப் பெருக்குகிறது. முட்டை முதிர்வது தடைப்படுகிறது, மாதவிடாய் தவறுகிறது, உரோமமும் பருக்களும் தோன்றுகின்றன. கழுத்தின் கருமை அழுக்கன்று. இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளம். தேய்த்துக் கழுவினால் அது போகாது.

ஆகவே இது நீரிழிவின் உடன்பிறப்பு. மெலிந்த பெண்களுக்கும் வரக்கூடியது. இலங்கையின் கம்பகா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான பெண்களிடையே நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 6.3 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2002 இல் வெளியான வேறோர் ஆய்வு, இந்நோயுள்ள தெற்காசியப் பெண்களுக்கு வெள்ளையினப் பெண்களைவிட இளவயதிலேயே அறிகுறிகள் தோன்றுவதையும், இன்சுலின் தடை கடுமையாக இருப்பதையும் காட்டியது. சன் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் சிக்காகோவிலும் வாழும் 906 தெற்காசியரிடம் 2010 இல் தொடங்கிய 'மசாலா' ஆய்வோ, அமெரிக்காவின் ஏனைய பல இனத்தவரைவிட எம்மவரிடையே நீரிழிவு மிகுதி எனக் கண்டது.

சட்டியும் தட்டும்

உணவில் மந்திரம் எதுவுமில்லை. இந்நோய்க்கெனத் தனிச்சிறப்பான ஓர் உணவுமுறை இல்லையென்றே 2023 இல் வெளியான சர்வதேச வழிகாட்டியும் கூறுகிறது. அளவும் சேர்க்கையுமே முக்கியம். ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாப்பொருள் உண்டு. எம்மவர் தட்டில் மூன்று கோப்பை சாதாரணம். தட்டின் பாதியை மரக்கறியும் கீரையும் நிரப்பட்டும். காற்பங்கு மீன், முட்டை, பருப்பு, கடலை, கௌபி. எஞ்சிய காற்பங்கே சோறு அல்லது புட்டு. சிவப்பரிசியும் குரக்கனும் நல்லவையே. ஆயினும் அளவின்றி உண்டால் அவையும் சீனியை ஏற்றும். பனங்கட்டியும் சீனியே. பழத்தைச் சாறு பிழியாது கடித்து உண்பதே நன்று. பாவற்காய்ச் சாறு மருந்துக்கு மாற்றாகாது.

இரட்டை வேலை முடித்து இரவு பதினொரு மணிக்கு உண்போரின் நிலைமையை நாம் அறிவோம். அவர்களும் உண்டபின் பத்து நிமிடம் நடக்கலாம். வாரத்தில் 150 நிமிட வேகநடை, உடல் எடை குறையாவிடினும் பயன் தரும்.

மாத்திரைகள் எதற்கு?

மெற்போமின் 1957 இல் பாரிஸ் நகரில் மருந்தாக அறிமுகமாகியது. 1994 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடற்கலங்கள் இன்சுலினுக்கு இசைய அது உதவுகிறது. தொடக்கத்தில் வயிற்றோட்டமும் குமட்டலும் வரலாம். சிறிய அளவில், உணவோடு தொடங்கினால் அவை பெரும்பாலும் தணியும். நீண்டகாலம் உட்கொள்வோர், குறிப்பாகச் சைவ உணவினர், பி12 விற்றமின் அளவைச் சோதிப்பித்தல் வேண்டும்.

கருத்தடை மாத்திரை இங்கே கருத்தடைக்காக அன்று. மாதவிடாய் பல மாதங்கள் வராதிருந்தால் கருப்பையின் உட்படை தடித்துப் பிற்காலத்தில் புற்றுநோய்க்கும் இடமளிக்கலாம். அதைத் தடுப்பதும் ஆண் ஹோர்மோன்களை அடக்குவதுமே அம்மாத்திரையின் பணி. எல்லோருக்கும் அது ஒத்துவராது. குருதி உறைவோ கடும் ஒற்றைத் தலைவலியோ இருந்தால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பிள்ளை விரும்பும் காலத்தில் அதை நிறுத்திவிட்டு வேறு மருந்து பெறலாம். இந்நோயுள்ள பெண்களில் மிகப் பலர் தாய்மாராகியுள்ளனர்.

பூப்பெய்தி மூன்று ஆண்டுகள் கடந்தும் ஆண்டில் எட்டு முறைக்குக் குறைவாக மாதவிடாய் வந்தால் வைத்தியரை நாடுங்கள். நோய் உறுதியானால் நீரிழிவுச் சோதனையையும், பின்னர் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மீள்சோதனையையும் கேளுங்கள். வருமானத்துக்கேற்பக் கட்டணம் அறவிடும் சமூகச் சுகாதார நிலையங்கள் நியூ ஜேர்சி, கலிபோர்னியா, ரெக்சாஸ் எங்கும் உள்ளன. அகதி விண்ணப்பதாரர் பற்றிய விதிகள் மாறுவதுண்டு. முன்கூட்டியே தொலைபேசியில் விசாரியுங்கள். கூட்டாட்சி அரசின் நிதியைப் பெறும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றித் தர வேண்டுமென்பது சட்டம். பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். "தமிழ்" என்ற ஒரு சொல் போதும். தொலைபேசியிலேனும் ஒருவர் கிடைப்பார்.

அந்தத் தாய் அவ்வாறே கேட்டார். அடுத்த முறை தொலைபேசியில் ஒரு தமிழ்க்குரல் அவருடைய கேள்விகளை வைத்தியரிடம் கொண்டுசென்றது. அவ்வீட்டில் மகளுக்கெனத் தனிச் சமையல் இல்லை. நால்வருக்கும் ஒரே கறி, ஒரே அளவுச் சோறு. நாம் கடைசியாகச் சென்றபோது, குசினித் தட்டில் தகப்பனின் மெற்போமின் போத்தலுக்குப் பக்கத்தில் மகளின் போத்தலும் எல்லோரும் காண வைக்கப்பட்டிருந்தது.