ஆபரேஷனுக்கு நாள் குறித்தவரைப் படுக்கையில் போடாதீர்கள்



நமது டிரஸ்ட்டுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் புற்றுநோய் ஆபரேஷனுக்கானவையும் உண்டு. விசாரிக்க வீட்டுக்குப் போனால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். நோய் உறுதியான நாளிலிருந்து அவர் கட்டிலில் இருக்கிறார். தண்ணீர்கூடக் கைக்கு வந்துவிடுகிறது. போன மாதம்வரை ஐந்து வேளையும் பள்ளிக்கு நடந்து வந்தவர் அவர். நலம் விசாரிக்கப் போகும் நாமும், "படுங்க காக்கா, அசையாதீங்க" என்கிறோம். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்பினால் சொல்வதுதான், ஆனால் அது அவருடைய தசையைக் கரைக்கிறது.

2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி 67 வதுள்ள, ஆரோக்கியமான 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். சாப்பாடு ஒழுங்காகக் கொடுத்தும் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. புற்றுநோய் தானாகவே தசையை அரிக்கும், பசியையும் கெடுக்கும். ஆபரேஷன் முடிந்தபின் காயம் ஆறவும் கிருமியை எதிர்க்கவும் உடலுக்குப் புரதம் வேண்டும். அதைத் தசையை உடைத்துத்தான் எடுத்துக்கொள்ளும். தசை என்பது அவருடைய சேமிப்பு. செலவு வருமுன்னே அதைக் காலிசெய்துவிட்டால் எழுந்து நடக்கவும், சளியை இருமித் துப்பவும் வலு இராது. நெஞ்சில் சளி கட்டுவது அப்படித்தான்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக மருத்துவர்கள், பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகள் 77 பேரை இரு பிரிவாக்கி ஒரே மாதிரியான பயிற்சியும் புரத உணவும் கொடுத்தார்கள். ஒரு பிரிவு ஆபரேஷனுக்குச் சுமார் நான்கு வாரம் முன்பே தொடங்கியது. மற்றது ஆபரேஷனுக்குப் பிறகு. எட்டு வாரம் கழித்துப் பழைய நடைத்திறனுக்குத் திரும்பியவர்கள் முதல் பிரிவில் 84 சதவீதம், மற்றதில் 62. 2014இல் வெளியான ஆய்வு இது.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பேச முடிகிற, ஆனால் மூச்சு சற்று வாங்குகிற வேகத்தில் தினமும் நடை. பெண்களுக்கு மொட்டை மாடியோ வீட்டு முற்றமோ போதும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, பத்துப் பத்தாக. இது தொடைத் தசைக்கு. மூன்று பந்துள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை மருத்துவமனையில் கொடுத்தால் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். நின்று தொழ முடிகிறவரை நாமாக நாற்காலியில் உட்கார்த்தவும் வேண்டாம். ருகூவும் ஸுஜூதும் எழுந்து நிற்பதும் அவருடைய கால்களை வேலை வாங்குகின்றன.

சாப்பாட்டில் ஒரு பிழை நடக்கிறது. ஆட்டுக்கால் சூப் கொடுத்துவிட்டால் சத்து சேர்ந்துவிட்டதென்று நினைக்கிறோம். சூப் பெரும்பாலும் தண்ணீர். மீன், கோழி, முட்டை, பருப்பு, தயிர் இவற்றைத்தான் மூன்று வேளையிலும் பிரித்துக் கொடுக்க வேண்டும். வெறும் பயிற்சி, புரதம் இல்லாமல், உள்ளதையும் கரைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புகைபிடிப்பவர் அன்றே நிறுத்த வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது. எலும்பில் நோய் பரவியவர், இரத்தம் மிகக் குறைந்தவர், இரத்தக் கசிவோ நெஞ்சுவலியோ உள்ளவர் மருத்துவர் சொல்லாமல் தொடங்கக் கூடாது. பயிற்சிக்காக ஆபரேஷன் நாளைத் தள்ளிப்போடவும் கூடாது. பத்து நாள் கிடைத்தால் பத்து நாள்.

தேதி வாங்கும் அன்றே, "அதுவரை என்ன பயிற்சி செய்யலாம்?" என்று சர்ஜனிடம் கேளுங்கள். பிசியோதெரபிஸ்ட்டிடம் எழுதி வாங்குங்கள். அந்தக் கட்டணத்தையும் நமது மனுவில் சேர்த்து எழுதலாம். பலர் ஆபரேஷன் செலவை மட்டுமே எழுதுகிறார்கள்.